வெள்ளிக்கிழமை நகம்

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் நங்கையா, இவருடைய அக்கா ருக்குமணி, நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அடுத்த வாரம். எங்கள் அம்மா வீட்டில் செவ்வாய் வெள்ளி என்றெல்லாம் பார்த்ததில்லை. பாத்திரம் தேய்க்கும்போது நகத்தில் சாம்பல் ஏறினால் அப்போதே அப்பாவின் சவர பிளேடை எடுத்து வெட்டிவிடுவோம். அப்படித்தான் அன்றைக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குத்தவைத்துப் பெருவிரலை வெட்டிக்கொண்டிருந்தேன். நங்கையா வந்து பிளேடைப் பிடுங்கவில்லை, பிளேடோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனம்மிணி, வெள்ளிக்கெழம நகத்த வெட்டுனா ஊட்டுல பொறந்த பொண்ணு வாழாதுன்னு உங்கூட்டுல ஒருத்தரும் சொல்லலியா?" என்றார். மற்ற இடங்களில் லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பெண் வாழாது. பாதி வெட்டிய பெருவிரலோடு மறுநாள் வரை இருந்தேன், சேலை மடிக்கும் இடமெல்லாம் அது மாட்டியது. இத்தனை வருசம் கழித்து அது ஏன் ஞாபகம் வருகிறது என்றால், இப்போது என் உள்ளங்கைக்குள் ஒரு நகம் அதே மாதிரி மாட்டுகிறது. தர்ஷிகாவின் நகம். என் மடியில் தூங்குகிறாள், அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விட்டால் சொறிந்துவிடுவாள். கரண்ட் போய் எவ்வளவு நேரமாயிற்று, மின்விசிறி நின்றதும் குழந்தையின் கழுத்து மடிப்பில் வேர்வை ஊற ஆரம்பித்துவிட்டது, வேர்வை ஊறினால் அரிப்பு, அரிப்பு வந்தால் கை போகும், கை போனால் நகம். இது சுற்றிச் சுற்றி நகத்தில்தான் வந்து நிற்கிறது. காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. பாண்டிமீனா நகவெட்டியைக் கையிலேயே கொண்டுவந்தாள்.

பாண்டிமீனா இவளுடைய அம்மா. எங்கள் காம்பவுண்டில் கடைசி வீட்டில் குடியிருக்கிறாள், சொந்த ஊர் தேனிப் பக்கம், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புருசன் லாரியில் போகிறவன், வந்தால்தான் வந்தான். என்னை அக்கா என்பாள், அதனால் இவளுக்கு நான் பெரிம்மா. "நேத்தே வெட்டிரணும்னுதாங்க்கா நெனச்சேன். ஒன்றரை ஷிப்டு பாத்துட்டு வந்து படுத்ததுதான் தெரியும், விடிஞ்சிருச்சு. இப்பப் பட்டுனு வெட்டிவிட்டுட்டு ஓடிர்றேன்" என்று என் வாசலிலேயே உட்கார்ந்து பிள்ளையின் விரலைப் பிடித்தாள். நான் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். "வேண்டாம் அம்மிணி, வெள்ளிக்கெழம" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் ஒரு நொடி விரலை விடாமல் இருந்தாள். பிறகு "சரிங்க்கா" என்று எழுந்து நகவெட்டியைக் கொண்டுபோய் என் அலமாரியில் காலண்டருக்குக் கீழே வைத்துவிட்டு, களிம்பு இரண்டையும் என் கையில் கொடுத்தாள். குளிப்பாட்டியதும் உடம்பெல்லாம் பூசுகிற வெள்ளை ஒன்று, சிவந்த இடத்தில் மட்டும் தடவுகிற சின்னக் குழாய் ஒன்று. "இது கொஞ்சமாங்க்கா, பயறளவு." தெரியும், தினமும் நான்தான் போடுகிறேன். ஆனாலும் தினமும் சொல்லிவிட்டுத்தான் போவாள். அந்தச் "சரிங்க்கா" காலையிலிருந்து எனக்குள் எங்கேயோ இருக்கிறது. நல்லது கெட்டது தெரிந்து சொன்ன சரியா, வீட்டுக்காரி சொன்னதால் சொன்ன சரியா. வாடகைக்கு இருக்கிறவர்கள் வேறு என்னதான் சொல்வார்கள். நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. நான் சுகந்தியை நினைத்துத்தான் சொன்னேன். சுகந்தி என் மகள், பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், இன்றைக்கு அவளுக்கு ஸ்கேன்.

இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டு தடவையும் இதே ஸ்கேனில்தான் சொன்னார்கள். எல்லாம் இருக்கிறது, துடிப்பு இல்லை. அந்த வார்த்தையை மாப்பிள்ளை போனில் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், தண்ணீரை வடிக்காமலே அடுப்பில் வைத்துவிட்டேன் என்று இவர் பிறகு சொன்னார். அப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றையும் நான் விடவில்லை. ஒரு பொழுது, தலைக்குக் குளியல், சாயங்காலம் விளக்கு, விளக்கு முன்னால் நூற்றியெட்டு போற்றி. அம்பதுக்குமேல் எண்ணிக்கை தப்பும், தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ஆத்தாளுக்கு உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டினேன், அது இந்தப் பிள்ளையின் தோலுக்காக, சுகந்திக்கு வேறு நேர்ந்திருக்கிறேன். அப்போது இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கும்பிட்டது நினைவிருக்கிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கொடுக்காமல் போய்விடுவாளோ என்று அன்றைக்கே ஒரு சின்னப் பயம், ஆத்தாள் அப்படிக் கணக்குப் பார்க்கிறவள் இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஸ்கேனுக்கு மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் சுகந்தி. மூன்றுக்குச் சொன்னால் நாலுக்குத்தான் கூப்பிடுவார்கள். இப்போது வெயில் எதிர்ச் சுவரில் ஏறிவிட்டது, ஐந்துக்கு மேல் இருக்கும். போன் இவர் சட்டைப் பையில் இருக்கிறது. சார்ஜ் ஒரு கோடுதான், கரண்ட் இல்லை, அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவர் வாசல் படியில் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதுகு மட்டும் தெரிகிறது. அட்டை தனக்கு நாலு வீச்சு, பின்னால் எங்கள் பக்கம் ஒரு வீச்சு. பார்க்காமலேதான் வீசுகிறார், ஆனால் வீசுகிறார்.

குழந்தை நெளிகிறாள். "ச்சு, ச்சு, சாமி, தூங்கு கண்ணு." கால் மரத்துப்போய்விட்டது, மாற்றி வைத்தால் விழித்துக்கொள்வாள். மத்தியானம் சோறு ஊட்டும்போதே ஆரம்பித்தாள். "பெரிம்மா, அரிக்கி." "சொறியக் கூடாது சாமி, பெரிம்மா தடவி விடறேன்." "தடவுனா போகல." "ஊதி விடறேன்." ஊதினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெரிம்மா, மெதுவ்வா, ஒரே ஒருவாட்டி மட்டும் சொறிஞ்சுக்கட்டா?" என்று கேட்டாள், மிட்டாய் கேட்பது போல. மூன்று வயதில் இப்படிக் கேட்டுச் சொறிகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் எதைக் கேட்டுச் செய்தார்கள். முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால், கழுத்து, இந்த மூன்று இடத்திலும் தோல் தோசைக்கல்லில் ஒட்டிய மாவைச் சுரண்டிய இடம் மாதிரி இருக்கிறது, சிவப்பாய், சொரசொரப்பாய், ஓரத்தில் வெள்ளைச் செதிலாய். பனியன் வேஸ்ட் துணி நல்ல மெத்து, பாண்டிமீனா கம்பெனியிலிருந்து ஒரு பை கொண்டுவந்தாள், அதில் கைக்கு இரண்டு உறை தைத்துப் போட்டேன். சாதாரண நாளில் அது போதும். இன்றைக்குக் காற்றில்லாமல் உறைக்குள் கை வேர்த்து, பல்லால் கடித்து இழுத்து, இழுத்த வேகத்தில் அதுவே ஒரு அழுகையாகிவிட்டது, நான்தான் கழற்றினேன். ஈரத் துணியை ஒற்றினேன், வெள்ளைக் களிம்பு பூசினேன். தூங்கினாள். தூக்கத்தில்தான் கை போகிறது. முழித்திருக்கும் பிள்ளை கேட்கிறது, தூங்குகிற பிள்ளை யாரைக் கேட்கும். சித்திரையில் அப்படித்தான் தூக்கத்தில் சொறிந்து, நகம் பட்ட இடம் சீழ் வைத்து, காய்ச்சல் கொதித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தினார்கள். அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை, பெரிம்மா என்று என்னைத்தான் கூப்பிட்டாள், பாண்டிமீனா ஷிப்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கவில்லை. டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், என்னைத்தான் அம்மா என்று நினைத்துப் பேசினார். "இது ஒட்டுவாரொட்டி இல்லம்மா, தோலோட வாகு. வரும், போகும். களிம்பு பாதிதான். பாக்கிப் பாதி இந்த நகம். ஒட்ட வெட்டி வைங்க. மறுபடி சீழ் வெச்சா மறுபடி இங்கதான் வரணும்." நான் தலையாட்டினேன். பயபக்தியாய்த்தான் ஆட்டினேன். எந்தக் கிழமை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதை மூன்றாம் வீட்டு வளர்மதியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "இருந்தாலும் எங்க பையனச் சித்தெ தள்ளியே வெளையாட வுடுங்கக்கா" என்றாள். இவர்தான், "ஒட்டறதா இருந்தா மொதல்ல எனக்கு ஒட்டியிருக்கோணும், தெனமும் என்ற கழுத்துல உக்காந்துதான் கடைக்கு வருது. எனக்கு ஒட்டுனதெல்லாம் ரெண்டு பொட்டலம் முறுக்குக் காசு" என்று சொல்லி அவள் வாயை அடைத்தார். இவருக்கு எதையும் சிரித்துவிட்டுப் போகத் தெரியும். எனக்கு வராது. என் வெள்ளிக்கிழமைகளையும் சிரிப்பார். "ஏம்புள்ள, லட்சுமி ஊடு பூராத்தையும் வுட்டுப்போட்டு உன்ற நகத்துலயா குடியிருக்கறா?" லட்சுமி இல்லைங்க, பெண். அதைச் சொன்னது உங்கள் அக்காதான். உங்கள் அக்கா இந்த வீட்டில் பிறந்த பெண். அதை நான் இத்தனை காலத்தில் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை. வீட்டில் பிறந்த பெண் வாழாது என்று நங்கையா என் கையைப் பிடித்தபோது, எனக்குப் பெண்ணும் இல்லை பையனும் இல்லை, வந்து ஒரு வாரம்தான். அன்றைக்கு இந்த வீட்டில் பிறந்த பெண் என்றால் நங்கையா ஒருத்திதான். தன்னைத்தான் சொல்லியிருக்கிறார். தாலி ஏறி ஒன்பது வருசம், மடி காலி, தம்பி பெண்டாட்டி பிளேடோடு உட்கார்ந்திருக்கிறாள். பாவம், நடுங்கித்தான் போயிருப்பார். அந்தப் பிடி கோபப் பிடி என்று நினைத்திருந்தேன். இல்லை. அதற்குப்பின் நானும் வெட்டவில்லை, அவரும் வெட்டவில்லை, சாகும்வரை வெள்ளிக்கிழமை அவர் கையில் பிளேடு பட்டதில்லை. மடியும் கடைசிவரை காலிதான். இதை நினைக்கக் கூடாது. இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, அதுவும் இன்றைக்கு, அதுவும் இந்த நேரத்தில். தாயே, போற்றி. நல்லவளே போற்றி. எங்கே விட்டேன். ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒன்று.

இரண்டு சொல்வதற்குள் அது விரலில் தட்டுகிறது. குழந்தையின் மணிக்கட்டு. என் பெருவிரலுக்குக் கீழே, குருவிக் குஞ்சைப் பிடித்த மாதிரி, தட் தட் தட் தட். இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். பல்லடத்தில் இருட்டு அறையில் என் மகளைப் படுக்க வைத்து, வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, அவர்கள் தேடுகிறது இதைத்தான். எங்கேயும் போகாமல் என் கைக்குள் ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறது, அதை நான் பொத்தி வைத்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தால் என்ன செய்வேன். இரண்டு கையும் இதில் இருக்கிறது. இவர் எடுத்துக் காதில் வைப்பார், காதுமடல் சிவக்கும், ம், ம் என்பார், எனக்கு அந்த ம் போதும், நல்ல ம்மா கெட்ட ம்மா என்று தெரிந்துவிடும். கெட்ட ம் என்றால், நான் காலையில் தடுத்ததற்குப் பலனில்லை, தடுத்தும்தானே வந்தது என்று ஆகிவிடும். நல்ல ம் என்றால், தடுத்ததால்தான் வந்தது என்று ஆகிவிடும், அப்புறம் அடுத்த வெள்ளியும் தடுப்பேன், பிரசவம் வரைக்கும் தடுப்பேன். இது எங்கே போய் நிற்கும். மணி ஆறாகப் போகிறது. விளக்கு வைக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையானாலும் நகம் வெட்டக் கூடாது. எழுந்தால்தான் விளக்கு, எழுந்தால் கையை விட வேண்டும்.

கொஞ்சம் விட்டுப் பார்க்கிறேன். ஒரு கையை மட்டும். உடனே போகிறது, நேராக முழங்கை மடிப்புக்கு, பாம்பு புற்றுக்குப் போகிற மாதிரி வழி தெரிந்து. நான் என் முன்கையை நடுவில் கொடுத்தேன். யோசித்துக் கொடுக்கவில்லை. அவள் விரல்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதுதான் தன் கை என்று நினைத்துச் சொறிய ஆரம்பித்தன. கண் மூடியிருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, நாலு விரலும் சேர்ந்து வேலை செய்கின்றன. சொறியட்டும், என் தோல் தடித்த தோல், துணி துவைத்த தோல். முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் எரிந்தது. பிறகு ஒரு இடத்தில் பெருவிரல் நகத்தின் முனை, உடைந்து கூராக இருக்கும்போல, ஊசி மாதிரி இறங்கியது. ஆ என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். கையை எடுத்துப் பார்த்தால் வெள்ளைக் கோடு கோடாய், நடுவில் ஒன்று மட்டும் சிவப்பாய், அதன் நுனியில் முத்து மாதிரி ஒரு துளி. என் தோலே இப்படி. என் தோலே இப்படியென்றால் அந்தத் தோல் என்ன ஆகும். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் அவள் கை தன் மடிப்புக்குப் போய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. அங்கேயும் ஒரு கோடு. தூக்கத்திலேயே, "அரிக்கி பெரிம்மா" என்றாள். ஆஸ்பத்திரியில் காலில் குத்தும்போது கூப்பிட்ட அதே குரல். ஆத்தா, நான் உன்னைக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறவள். இதைக் கேட்க நேரமில்லை. வீட்டில் பிறந்த பெண் வாழ வேண்டும் என்றுதானே இது எல்லாம். இந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்து முதலில் தண்ணீர் வார்த்தது என் கைதான், இந்தத் தொட்டித் தண்ணீர்தான், நங்கையா என் கையைப் பிடித்தாரே அந்த இடத்தில்தான். இதுவும் இந்த வீட்டுப் பெண். இதற்கு வலிக்கிறது. சுகந்தி என் மகள், அவளும் கேட்டால் இதைத்தான் சொல்வாள், அவள் அப்படிப்பட்டவள், போன தடவை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே தர்சுக்கு அரிப்பு எப்படிம்மா இருக்குது என்று கேட்டவள். கோபம் வந்தால் என் மேல் வை. என் நகம், என் வெள்ளிக்கிழமை. அவள் வயிற்றில் வைக்காதே.

"ஏனுங்க" என்றேன். இவர் திரும்பிப் பார்த்தார். "போனா? இன்னும் வரலியே" என்றார். "போன் இல்லீங்க. வெளக்குப் பொருத்தோணும். எனக்குக் கை ஒழியல, நீங்க பொருத்துங்க." இந்த வீட்டில் இவர் விளக்கு ஏற்றி நான் பார்த்ததில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து சாமி அலமாரி முன்னால் நின்று, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி, "திரி ஒண்ணா ரெண்டா?" என்றார். "ஒண்ணு போதும்ங்க. தீப்பெட்டி குங்குமக் கிண்ணத்துக்குப் பின்னால இருக்குது." மூன்று குச்சி வீணாயிற்று. நாலாவது பிடித்தது. காமாட்சி விளக்கில் சுடர் முதலில் குனிந்து, பிறகு நிமிர்ந்தது. நல்லபடியாக இருக்க வேண்டும், எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும், நூற்றியெட்டுக்குப் பதிலாக இதைத்தான் சொல்ல முடிந்தது. "அந்தக் காலண்டருக்குக் கீழ நகவெட்டி இருக்கும். எடுத்துக் குடுங்க." இவர் எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கேலி பேசுகிற முகமில்லை. "ஏம்புள்ள, இன்னைக்கு வெள்ளிக்கெழம" என்றார் மெதுவாக, எனக்கு மறந்துவிட்டது போல. "தெரியும்ங்க" என்றேன். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போனும் சும்மா இருந்தது. நகவெட்டியை என் கையில் வைத்தார், காலையில் பாண்டிமீனா பிடித்த இடம் இன்னும் களிம்புப் பிசுக்காய் இருந்தது. குழந்தையின் பெருவிரலை என் இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்தேன். தட் தட் என்று அங்கேயும் அடிக்கிறது. எவ்வளவு சின்ன நகம், அரிசி நொய் மாதிரி, அதில் எங்கே தோல் முடிகிறது, எங்கே நகம் ஆரம்பிக்கிறது, இந்த இருட்டில் என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தப்பாக வெட்டிவிடக் கூடாது.

"ஏனுங்க, அந்த வெளக்க எண்ணெய் சிந்தாம எடுத்தாந்து, சித்தெ இங்க கிட்டப் புடிங்க."